கோலத்தில் ஒரு சொட்டு

என் தங்கையையும் அவள் கணவனின் மோட்டார் சைக்கிளையும் திண்டிவனத்திலிருந்து ஒரே குட்டியானை மினி லாரியில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். மோட்டார் சைக்கிள் பின்னால் கயிறு கட்டிச் சாய்ந்து கிடந்தது. அவள் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில், மடியில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீடு விழுப்புரத்தில், காணை போகிற சாலையில் இருக்கிறது. வாசலில் வந்து நின்றதும் டிரைவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சார், வண்டிய எங்க எறக்கணும்?" என்பது. தங்கை தானாகவே இறங்கிக்கொண்டாள்.

அந்த வண்டி அவள் கல்யாணத்தில் அப்பா சீராகக் கொடுத்தது. புதியது அல்ல. வெளிநாட்டு வேலைக்குப் போன ஒருவரிடமிருந்து வாங்கிய, அதிகம் ஓடாத வண்டி. அதை நாங்கள் மறைக்கவில்லை. சம்பந்தியிடம் சொல்லித்தான் கொடுத்தோம், அவரும் சரி என்றுதான் வாங்கிக்கொண்டார். அந்தச் சரி வாயளவில்தான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது. மாப்பிள்ளைக்குச் சீர் கொடுக்கிற வழக்கத்தின் மேலேயே எனக்கு எரிச்சல் உண்டு. ஆனால் கல்யாணம் பேசிய நாளில் என் எரிச்சலை யாரும் கேட்கவில்லை, நானும் உரக்கச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை திண்டிவனத்தில் ஓர் உரக்கடையில் வேலை பார்க்கிறார். கடை வேலையாக விழுப்புரத்துக்கு வந்துகொண்டிருந்தவர், கூட்டேரிப்பட்டு தாண்டி நடுச்சாலையில் விழுந்தார். எஞ்சினிலிருந்து ஆயில் கொட்டிப் பின் டயரில் பட்டிருக்கிறது. சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு பக்கம் போக, அவர் ஒரு பக்கம் விழுந்திருக்கிறார். நல்ல வேளை, பின்னால் லாரி எதுவும் வரவில்லை. காறை எலும்பு முறிந்ததோடு தப்பினார். அந்தச் சாலையில் ஓடுகிற லாரிகளைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தப்பித்தல் என்று தெரியும்.

அவர் யாரையும் எதுவும் சொல்லவில்லை. அவருடைய அப்பாதான் போனில் கத்தினார். "இத்துப்போன வண்டியத் தொடச்சிக் குடுத்து எம் புள்ளயச் சாவடிக்கப் பார்த்தீங்களே, நீங்கள்லாம் மனுஷங்களா? இதுக்கு ஒரு முடிவு தெரியுற வரைக்கும் வண்டியும் இங்க வேணாம், உங்க பொண்ணும் இங்க வேணாம்."

எங்கள் அப்பா காணை பக்கத்தில் கரும்பு வைத்திருக்கிறார். கோபம் வந்தால் குரல் இறங்குகிற ஆள். அன்று அவர் குரல் தரையில் ஊர்ந்தது. "நான் குடுத்தப்ப வண்டி சுத்தமா இருந்துது சம்பந்தி. அதுக்கப்புறம் உங்க வூட்ல யாரோ ஆயில் போல்ட்ட நோண்டியிருக்கீங்க."

"எங்க வூட்டு ஆளு யாரும் அதுல கை வெக்கல."

"எங்க வூட்டு ஆளும் யாரும் கை வெக்கல. திருவாமாத்தூர்ல வந்து சத்தியம் பண்ணுவீங்களா?"

"நான் பண்றேன். நீங்க பண்ணுவீங்களா?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. திருவாமாத்தூர் கோயிலின் வட்டப்பாறையில் பொய்ச் சத்தியம் செய்தவன் நல்லபடியாக வீடு போய்ச் சேரமாட்டான் என்று, போலீசுக்குப் பயப்படாதவர்கள்கூட நம்புகிறார்கள். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவு செய்துகொண்டு போனை வைத்தார்கள். யார் சத்தியத்துக்குப் பின்வாங்குகிறார்களோ அவர்கள் வீட்டின் மேல் குற்றம். எங்கள் வீட்டின் மேல் என்று ஆகிவிட்டால் தங்கை திண்டிவனம் திரும்ப முடியாது. அவளுக்கோ திரும்பவேண்டும். வந்த அன்றே, கை கால்கூடக் கழுவாமல், "அவருக்கு ஒத்தக் கையால சட்ட போடத் தெரியாதுணா" என்று அழுதாள்.

சனிக்கிழமை காலை வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போகக் கிளம்பினேன். என்ன கோளாறு என்று ஒருவர் பார்த்துச் சொன்னால் மறுநாள் பேச வசதியாக இருக்கும் என்பது என் கணக்கு. தங்கை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"மெக்கானிக்கிட்ட வுடாதணா. நீயே பிரி."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளன். வண்டி வேலை எனக்குப் பொழுதுபோக்கு, வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. ஒருமுறை என் வண்டியின் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒரு வாரம் டவுன் பஸ்ஸில் போனவன் நான். அதைச் சொல்லி வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் சிரிக்கவைத்தது இவள்தான்.

"இன்னா திடீர்னு என் மேல இவ்ளோ நம்பிக்கை?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அப்பா கரும்புக் கொல்லைக்குப் போயிருந்தார். வண்டியை வீட்டுக்குப் பின்புறம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். எஞ்சினின் அடியில் ஆயில் தங்குகிற தட்டு ஒன்று உண்டு. ஆயில் பேன் என்பார்கள், எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு அது சேம்பர். எல்லா வண்டியிலும் அது தனியாகக் கழன்று வராது, இதில் வரும். அந்தத் தட்டின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு போல்ட். அதைத் திறந்தால் பழைய ஆயில் வடியும். அதைச் சரியாக மூடவில்லை என்றால் போகிற வழியெல்லாம் வடியும்.

மல்லாந்து படுத்துக் கையை நீட்டி அந்த போல்ட்டைத் தொட்டேன். ஸ்பானர் தேவைப்படவில்லை. விரலிலேயே சுற்றியது. சுற்றியதே தவிர, மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. சேம்பருக்குள் போல்ட்டைப் பிடிக்கிற திருகு மரை மொத்தமாகத் தேய்ந்துபோயிருந்தது. பிறகு எதைப் பிடித்துக்கொண்டு விழாமல் தொங்குகிறது என்று புரியவில்லை. மண்ணும் ஆயிலும் கலந்து அப்பியிருந்ததால் ஒன்றும் தெரியவும் இல்லை. மரை போன சேம்பரைக் கழற்றித்தான் சரிசெய்யவேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

முதலில் சைலன்சரைக் கழற்றினேன். அது வழியை அடைத்துக்கொண்டு போனது. ஒரு அட்டையில் சேம்பரின் வடிவத்தைக் கோடு போட்டு, போல்ட் இருக்கும் இடங்களில் ஓட்டை குத்தி வைத்துக்கொண்டேன். எந்த ஓட்டையில் எடுத்த போல்ட்டோ அதே ஓட்டையில் செருகிவைத்தால் மாட்டும்போது நீளம் குட்டை குழப்பம் வராது. ஒரு பக்கமாகவே கழற்றினால் தட்டு வளையும் என்று, இந்த மூலையில் ஒன்று, எதிர் மூலையில் ஒன்று என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். தங்கை குந்திக்கொண்டு அட்டையைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு போல்ட்டையும் என் கையிலிருந்து வாங்கிச் செருகினாள்.

எல்லா போல்ட்டும் வந்த பிறகும் சேம்பர் வரவில்லை. தட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கிற பழைய கேஸ்கெட் தாள் பிடித்துக்கொண்டிருந்தது. திருப்புளியை இடையில் விட்டு நெம்பினால் விளிம்பு பெயர்ந்துவிடும். தோசைத் திருப்பியின் மரக்கைப்பிடியால் சுற்றிலும் தட்டித் தட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு கழன்றது. அடியில் தங்கியிருந்த கறுப்பு ஆயில் என் முழங்கை வரைக்கும் வழிந்தது.

சேம்பரை எடுத்து, துவைக்கிற கல் மேல் கவிழ்த்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தேன். போல்ட்டைச் சுற்றி வழுவழுப்பாக ஏதோ வந்தது. முகர்ந்து பார்த்தேன். துணி சோப்பு. பெட்ரோல் டேங்க் ஒழுகினால் சோப்பைத் தேய்த்து அடைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான், ஆனால் இது ஆயில் போல்ட். சோப்புக்கு அடியில் நார் நாராக ஒன்று போல்ட்டோடு சேர்ந்து வந்தது. குழாய் மரையில் பிளம்பர்கள் நூல் சுற்றுவார்களே, அப்படிச் சுற்றிய நூல். அதுதான் போல்ட்டை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

ஒரு கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி, நூலைப் போட்டு அலசினேன். கறுப்பு கரையக் கரைய நிறங்கள் வந்தன. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் பச்சை, மறுபடியும் அரக்கு. எந்த மெக்கானிக்கிடம் இத்தனை நிறத்தில் நூல் இருக்கும்?

என் தங்கை புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பவள். கல்யாணத்துக்கு முன்பு இங்கே தைத்தாள், அங்கே போயும் தைக்கிறாள். எந்தப் புடவைக்கு எந்த நிற நூல் என்று அவள் கடையில் நின்று நூல்கண்டைப் புடவை மேல் வைத்து வைத்துப் பார்ப்பதை நானே பலமுறை சலித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன். நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த அட்டையைத் தரையில் வைத்தாள்.

"நீயா?"

"கோலத்துல சொட்டுதுணா" என்றாள்.

அதன் பிறகு அவள் சொன்னதையெல்லாம் நான் ஆயில் கையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். திண்டிவனம் வீட்டில் வண்டி வாசலில்தான் நிற்கும். விடியற்காலையில் மாமியார் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவார். போட்ட கோலத்தில் கறுப்பாக ஒரு சொட்டு. எண்ணெய் சிந்தினாலே ஆகாது என்பவர்கள், கோலத்தில் சொட்டினால் விடுவார்களா? மாமியார் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட இவள் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். "உங்கப்பன் குடுத்த வண்டி அழுவுது பாரு" என்று மட்டும் சொல்வாராம். தினமும் அதையே சொல்வாராம், சிரித்துக்கொண்டே.

முதலில் ஒரு பிளாஸ்டிக் மூடியை ராத்திரி வண்டிக்கடியில் வைத்துவிட்டு, மாமியார் கதவைத் திறப்பதற்குள் எடுத்துவிடுவாளாம். ஆனால் மூடி வைக்காத நேரத்திலும் சொட்டியது. ஒருநாள் கணவன் கடைக்கு நடந்தே போயிருந்தபோது, அவருடைய டப்பாவிலிருந்து ஸ்பானரை எடுத்து, போல்ட்டில் மாட்டி, காலால் மிதித்து இறுக்கியிருக்கிறாள். சொட்டியதற்குக் காரணம், போல்ட்டில் இருந்த செம்பு வாஷர் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். அதை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும். இவள் மிதித்ததில் அலுமினிய மரை போய்விட்டது. போல்ட் லூசாகிவிட்டது தெரிந்ததும் பயந்து, நூலைச் சுற்றி, சோப்பை அடைத்து, உள்ளே அழுத்திவைத்தாள். கொஞ்ச நாள் சொட்டவில்லை. மறுபடி கசிந்தபோதெல்லாம் அன்றைக்குத் தைத்துக்கொண்டிருந்த புடவையின் நூல். சூட்டில் சோப்பு இளகி, கூட்டேரிப்பட்டு தாண்டி, நூலில் தொங்கிய போல்ட்டைச் சுற்றி ஆயில் ஒரேயடியாகக் கொட்டிவிட்டது.

"மாப்ளகிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

"அவரு மெக்கானிக்கிட்ட வுடுவாரு. அந்த மெக்கானிக்கு, இது பழைய வண்டி, இப்படித்தான் ஒழுவும்னு சொல்வான். அத அவங்க வூட்ல சொல்லிச் சொல்லி..." அவள் கீழே கிடந்த அட்டையை நேராக வைத்தாள். "அப்பாவ யாரும் எதுவும் சொல்லக்கூடாதுன்னுதாண்ணா பண்ணேன். அவரு வுழுவாருன்னு எனக்குத் தெரியுமா?"

எனக்கு அவள் மேல் வந்த கோபத்தில் ஸ்பானரைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். செத்திருப்பார் அந்த மனிதர். அதே நேரம், விடிவதற்கு முன் எழுந்து வண்டிக்கடியில் கையை விட்டு மூடியைத் தேடுகிற இவளை நினைத்தால் பாவமாக இருந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தன. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் கிண்ணத்திலிருந்த நூலை எடுத்தேன்.

"இத கொளுத்திடறேன். நீ வாயத் தொறக்காத. நாளைக்கு ரெண்டு பேரும் அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச உண்மையத்தான் சொல்லப் போறாங்க. சாமி அதுக்கெல்லாம் ஒண்ணும் பண்ணாது."

"எங்க வூட்டு ஆளு யாரும் கை வெக்கலன்னு அப்பா சொல்வாரு. எங்க வூட்டு ஆளு யாரும் கை வெக்கலன்னு மாமாவும் சொல்வாரு. நான் எந்த வூட்டு ஆளுணா?"

நான் தீப்பெட்டியைத் தேடினேன்.

"எந்த வூட்டு ஆளோ, அந்த வூட்டுச் சத்தியம் பொய். அப்பாவுக்கு ஏதாவது ஆச்சின்னா? மாமாவுக்கு ஆச்சின்னா எம் வூட்டுக்காரரு மூஞ்ச நான் எப்படிப் பார்ப்பேன்?"

சாமி விஷயத்தில் நான் அப்படியொன்றும் பயந்தவன் அல்ல. ஆனால் நூலைக் கொளுத்தாமல் மறுபடி கிண்ணத்திலேயே போட்டேன்.

சேம்பரை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். ஓட்டையைப் பெரிதாக்கி, புஷ் என்கிற உலோக வளையம் போட்டு, புது மரை எடுத்துக் கொடுத்தார்கள். வழியில் புது கேஸ்கெட், புது வாஷர், ஆயில் எல்லாம் வாங்கிவந்தேன். பழைய கேஸ்கெட்டை பிளேடால் சுரண்டுவதற்கு மட்டும் வெகுநேரம் பிடித்தது. ஆயில் உறிஞ்சும் இடத்திலிருந்த சல்லடையில் நூல் பிசிறுகள் இருந்தன, ஊதி எடுத்தேன். தங்கை அட்டையிலிருந்து ஒவ்வொரு போல்ட்டாக எடுத்துக் கொடுத்தாள். இந்த மூலை, எதிர் மூலை என்று கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். கடைசியில் அந்த ஆயில் போல்ட். ஸ்பானரை அவள் கையில் கொடுத்து, என் கையை மேலே வைத்து, "இவ்ளோதான். இதுக்கு மேல அது கேக்காது" என்றேன். வண்டியை ஸ்டார்ட் செய்து, கீழே செய்தித்தாளை விரித்து, இருவரும் குந்திப் பார்த்தோம். தாளில் ஒரு சொட்டும் விழவில்லை.

அப்பா வந்து பார்த்துவிட்டு, "இன்னா பழுது?" என்றார். "மரை போயிருந்துது" என்றேன். அது பொய் இல்லை. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. குளித்து, வெள்ளை வேட்டியை எடுத்துவைக்கப் போனார்.

மறுநாள் அவர் ஷேர் ஆட்டோவில் முன்னால் போனார். நான் அந்த வண்டியிலேயே போனேன். தங்கை வரவேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தும் வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் அவள் என் தோளைப் பிடித்திருந்த பிடியிலிருந்து அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

சம்பந்தியும் அவர் மனைவியும் கோயில் வாசலில் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை கையைக் கழுத்தோடு தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி, தேங்காய்க் கடை நிழலில் உட்கார்ந்திருந்தார். அப்பாவும் சம்பந்தியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் செருப்பைக் கழற்றினார்கள். இருவருக்கும் உள்ளுக்குள் நடுக்கம், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உண்மை பேசுகிறவனுக்கும் அந்த இடத்தில் பயம் இருக்கத்தான் செய்கிறது.

"யாரும் சத்தியம் பண்ண வேணாம்" என்றாள் தங்கை. "போல்ட்ல கை வெச்சது நான்தான்."

மூடி, கோலம், ஸ்பானர், நூல் என்று எல்லாவற்றையும் சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு ஆரம்பித்தவள் முடிக்கும்போது நிமிர்ந்திருந்தாள். கோலம் என்றபோது மாமியார் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கோபுரத்தைப் பார்த்தார்.

முதலில் சம்பந்திக்குத்தான் வாய் வந்தது. "பார்த்தீங்களா? உங்க பொண்ணு. உங்க வளர்ப்பு. எங்க வூட்டு ஆளு யாரும் கை வெக்கலன்னு நான் சொன்னேன்ல?"

அப்பா அவளைப் பார்க்கவே இல்லை. "கட்டிக் குடுத்துட்டேன். அதுக்கப்புறம் அவ உங்க வூட்டு ஆளு. எங்க வூட்டு ஆளு யாரும் கை வெக்கல" என்றார்.

அப்பாவுக்கு அவள் மேல் உயிர். அவள் கல்யாணத்தன்று சமையல் கொட்டகைக்குப் பின்னால் நின்று அழுதவர். இப்போது ஒரு பேச்சில் ஜெயிப்பதற்காக அவளைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதைக் கேட்டபோது தங்கையின் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். குட்டியானையிலிருந்து இறங்கியபோதுகூட அவள் அப்படி இல்லை. அப்பாவை அந்த இடத்திலேயே நான் வெறுத்தேன், வீட்டுக்கு வந்த பிறகும் பல நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாப்பிள்ளை நிழலை விட்டு எழுந்து வந்தார். "ஸ்பானர் நம்ம வூட்டுது. சோப்பு நம்ம வூட்டுது. கை மட்டும் எப்படிப்பா வேற வூட்டுது ஆவும்?" என்றார் தன் அப்பாவிடம். பிறகு தங்கையிடம், "வலிக்குது. கோவமும் இருக்குது. அத நம்ம வூட்ல பேசிக்கலாம், வா" என்றார்.

சம்பந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தவர் மகனின் தூளியைப் பார்த்துவிட்டு அடங்கினார். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, "மச்சான், வண்டி எங்க வூட்டுலயே இருக்கட்டும்" என்றார். நான் வண்டியைத் திண்டிவனம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் நிறுத்திவிட்டு, சாவியை அவரிடம் கொடுத்து, பஸ் பிடித்து வந்தேன். எல்லாம் ஒருவழியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து மாப்பிள்ளையைத் தோள்பட்டை காட்டப் புதுச்சேரிக்கு அழைத்துப் போகவேண்டியிருந்தது. முதல் பஸ்ஸில் கிளம்பியதால் நான் திண்டிவனம் வீட்டுக்குப் போனபோது இன்னும் சரியாக விடியவில்லை. வண்டி வாசலில் நின்றது. அதன் அடியில், ஆயில் போல்ட்டுக்கு நேர் கீழே, ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது.

குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன். மூடி காய்ந்திருந்தது. போல்ட்டைத் தொட்டேன். அதுவும் காய்ந்திருந்தது. அதற்குள் தங்கை கதவைச் சத்தமில்லாமல் திறந்துகொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டாள்.

"சொட்டுதா?" என்றேன்.

"இல்லணா. நீ மாட்டினதுலேர்ந்து ஒரு சொட்டு இல்ல."

"அப்புறம் எதுக்கு மூடி?"

அவள் குனிந்து மூடியை எடுத்தாள். ஒன்றும் இல்லாத அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். உள்ளே தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. மூடியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வாணா, டீ போடறேன்" என்றாள்.

மாமியார் கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்தார். "வாங்க தம்பி" என்று என்னைக் கேட்டுவிட்டு, வண்டிக்கடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார்.